வாயிற்கதவுக்கு வெளியே விழும் வெட்டு: ஆயுதக் கட்டுப்பாடா, பள்ளிப் பாதுகாப்பா?

2025 ஏப்ரல் 15 அன்று, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் 8ஆம் வகுப்பறையில், மாணவர் ஒருவர் புத்தகப் பைக்குள் மறைத்து எடுத்துவந்த அரிவாளால் சக மாணவரை வெட்டினார். தடுக்க முனைந்த ஆசிரியையும் காயமுற்றார். பென்சில் தொடர்பான பூசலே காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, மார்ச் 10 அன்று, ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த 11ஆம் வகுப்புத் தலித் மாணவரை வழிமறித்து வெளியே இழுத்த கும்பல், அவருடைய கைவிரல்களை வெட்டியது. கபடிப் போட்டியில் பெற்ற வெற்றியே அவர்மீதான பகைக்குக் காரணம் என்று குடும்பத்தார் கூறினர்.

இரண்டு நிகழ்வுகளிலும் கருவி ஒன்றே. ஆனால் இடம் வேறு, காரணம் வேறு, வெட்டியவருக்குப் பின்னால் நின்ற சமூக பலம் வேறு. எனினும், இவற்றை ஒட்டி எழுந்த பொது விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மாணவர்களின் பைகளைச் சோதியுங்கள், கேமரா பொருத்துங்கள், வாயிலில் காவலாளியை நிறுத்துங்கள் என்று ஒரு தரப்பு கேட்டது. அரிவாள் விற்பனையைக் கட்டுப்படுத்துங்கள் என்று மற்றொரு தரப்பு கேட்டது. அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச் சூடு நிகழும்போதெல்லாம் எழும் அதே இருமுனை விவாதம், துப்பாக்கியின் இடத்தில் அரிவாளை வைத்துத் தமிழ்நாட்டிலும் நடைபெறுகிறது.

இந்த விவாதத்தைத் திருப்பூரிலிருந்து பார்க்க வேண்டிய தேவை நமக்கு உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, தேனி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே லைன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஊரில் எதிரெதிர்த் தெருக்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இங்கே ஒரே மாநகராட்சிப் பள்ளியில் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஊர்ப் பகை கைப்பேசி வழியாகச் சில நொடிகளில் வந்து சேர்ந்துவிடும் காலம் இது. இம்மாவட்டத்தின் சொந்தச் சாதி ஆதிக்கமோ எவரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலையில் இல்லை. ஆகவே, நாங்குநேரி தெற்கே வெகுதொலைவில் இருக்கிறது என்று இங்கே எவரும் ஆறுதல் கொள்ள முடியாது.

உலகம் கற்ற பாடம்

முதலில் ஆயுதக் கட்டுப்பாட்டின் பக்கமுள்ள நியாயத்தை எடுத்துக்கொள்வோம். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதற்குத் தடை விதித்தது. அதன்பின் அந்நாட்டில் அத்தகைய பள்ளித் துப்பாக்கிப் படுகொலை நிகழவில்லை. 2012 டிசம்பர் 14 என்ற ஒரே தேதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஆயுதத்தின் வேறுபாடு விளங்கும். அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் கத்தியுடன் புகுந்தவன் 23 குழந்தைகளைக் காயப்படுத்தினான். ஒரு குழந்தையும் இறக்கவில்லை. அதே நாளில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கியுடன் நுழைந்தவன் 20 குழந்தைகளையும் பணியாளர் 6 பேரையும் கொன்றான். கத்தியும் கொல்லும் என்பதற்கு 2001இல் ஜப்பானின் ஒசாகா அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் சமையல் கத்திக்கு இரையான 8 குழந்தைகள் சான்று. ஆயினும், கையிலுள்ள ஆயுதத்தின் தன்மை சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்பதை மறுக்க இயலாது.

பள்ளிப் பாதுகாப்பே போதும் என்போரின் வாதம் இதைவிட வலுவற்றது. 2018இல் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவர் அவ்வளாகத்திலேயே பணியில் இருந்தார், கட்டடத்துக்குள் நுழையவில்லை. 2022 மே 24 அன்று டெக்சாசின் யுவால்டே பள்ளிக்கு 376 சட்ட அமலாக்க அலுவலர்கள் வந்து குவிந்தனர். கொலையாளி இருந்த வகுப்பறையை அவர்கள் அடைய 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர்.

பாதுகாப்பு ஏற்பாடு எவரைக் காக்கிறது என்பது மட்டுமல்லாமல், எவரைச் சந்தேகிக்கிறது என்பதும் முக்கியமானது. அமெரிக்கக் கல்வித் துறையின் 2015-16 கல்வியாண்டுத் தரவின்படி, பள்ளி மாணவர்களில் கறுப்பின மாணவர்கள் 15 விழுக்காடு. ஆனால், காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்ட அல்லது கைதுசெய்யப்பட்ட மாணவர்களில் அவர்கள் 31 விழுக்காடு. காவலைப் பள்ளிக்குள் கொண்டுவரும்போது சமூகத்தின் முன்முடிவுகளும் உடன் நுழைகின்றன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. பைச் சோதனை வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள், எந்தத் தெருப் பிள்ளையின் பை முதலில் திறக்கப்படும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கிக்குச் சட்டம் உண்டு, அரிவாளுக்கு?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவது குறித்துத் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கிய உச்ச நீதிமன்றம், அமெரிக்க அரசமைப்பிலிருந்து நம் அரசமைப்பு இவ்வகையில் வேறுபட்டது என்பதை 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இக்கட்டுப்பாட்டின் பயனை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. வட இந்தியாவில் துப்பாக்கி எளிதாகப் புழங்கும் இடங்களில் அது பள்ளிக்குள்ளும் வந்துவிடுகிறது. 2007 டிசம்பரில் குர்கானில் 8ஆம் வகுப்பு மாணவர்கள் சக மாணவரைத் தந்தையின் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றனர். 2018 ஜனவரியில் ஹரியானாவின் யமுனாநகரில் 12ஆம் வகுப்பு மாணவர் பள்ளி முதல்வரைத் தந்தையின் உரிமம் பெற்ற ரிவால்வரால் சுட்டுக் கொன்றார். 2025 ஆகஸ்டில் உத்தராகண்டின் காசிப்பூரில் 9ஆம் வகுப்பு மாணவர் உணவுப் பெட்டியில் மறைத்து வந்த நாட்டுத் துப்பாக்கியால் ஆசிரியரைச் சுட்டார். தமிழ்நாட்டின் சாதி மோதல்களில் துப்பாக்கி பரவலாகப் புழங்கியிருந்தால் நாம் எண்ண வேண்டிய பிணங்களின் எண்ணிக்கை என்னவாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஆனால், நம் பிள்ளைகளின் மீது விழுவது அரிவாள். ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, ஆயுதம் என்பதற்கு விளக்கம் தரும்போதே, வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உருவாக்கப்பட்ட பொருள்களை விலக்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஆனால் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கானவை அங்கும் விலக்கப்படுகின்றன. சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, ஒன்றிய அரசு ஒரு பகுதியை அறிவிக்கை செய்தால், அங்கே துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கும் உரிமம் தேவைப்படும். அப்போதும் விவசாயக் கருவி என்ற விலக்கு அப்படியே நிற்கும்.

இந்த விலக்கு காரணமின்றி வைக்கப்பட்டதன்று. உடுமலை, மடத்துக்குளம் பகுதித் தென்னந்தோப்புகளில் அரிவாள் அன்றாட வேலைக் கருவி. அதைக் கையில் பிடித்துக் கூலிக்கு உழைப்பவர்களில் நம் மக்களும் அடங்குவர். அரிவாளுக்கு உரிமம் என்று சட்டம் வந்தால், சாலைச் சோதனையில் முதலில் பிடிபடுவது தோப்பு வேலைக்குச் செல்லும் தலித் கூலித் தொழிலாளியாகவே இருப்பார். அதேவேளை, அதே தோப்பு அரிவாள் எவ்வளவு எளிதாகக் கொலைக் கருவியாகும் என்பதையும் நாம் கண்டோம். 2025 ஆகஸ்டில் குடிமங்கலம் அருகே ஒரு தோப்பில் குடும்பத் தகராற்றை விசாரிக்கச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளரே வெட்டிக் கொல்லப்பட்டார்.

தமிழ்நாடு காவல்துறை 2021 செப்டம்பரில் மாநிலம் தழுவிய ஆயுதக் களைவு நடவடிக்கை ஒன்றை மேற்கொண்டது. ரவுடிகள் என்று பட்டியலிடப்பட்டோரிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளும் அரிவாள்களும் கைப்பற்றப்பட்டன. அரிவாள் அடிக்கும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்றும், கேமரா பொருத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது. நோக்கம் சரியானதே. பட்டறைப் பதிவேடு கூலிப்படைக்காரனின் வழியைச் சற்று அடைக்கும். ஆனால், 17 வயது மாணவன் அரிவாளைத் தேடிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. அது அவன் வீட்டுக் கூரையிலேயே செருகியிருக்கிறது.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது

கேமராவின் ஆற்றலையும் எல்லையையும் திருப்பூர் மாவட்டத்தைவிட நன்கறிந்த மாவட்டம் வேறில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார்; அவருடைய மனைவி கௌசல்யா படுகாயமுற்றார். முழு நிகழ்வும் கண்காணிப்பு கேமராவில் பதிவானது. அப்பதிவு வழக்கில் வலுவான சான்றாக நின்றது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது.

வழக்குரைஞர்கள் என்ற வகையில் அப்பதிவின் மதிப்பை நாம் அறிவோம். சாட்சிகள் பிறழும் நாட்டில் பிறழாத சாட்சி அது. ஆனால், கேமரா நீதிமன்றத்துக்கு உதவியது. சங்கரின் உயிருக்கு உதவவில்லை. வெட்ட வந்தவர்கள் அதைக் கண்டு அஞ்சவும் இல்லை. சாதிப் பெருமைக்காக வெட்டுபவன், தான் செய்ததை ஊர் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறான்.

அடுத்ததாக, வெட்டு விழுந்த இடங்களைக் கவனிப்போம். நாங்குநேரியில் வீடு. ஸ்ரீவைகுண்டத்தில் பேருந்துப் பயணம். உடுமலையில் பேருந்து நிலையம். பாளையங்கோட்டை வகுப்பறை நிகழ்வை ஒரு பைச் சோதனை தடுத்திருக்கக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், சாதி வன்மத்தால் தலித் மாணவர்கள் தாக்கப்பட்ட நிகழ்வுகளில் தாக்கியவர்களுக்குப் பள்ளி வாயிலைக் கடக்க வேண்டிய தேவையே எழவில்லை. வாயிற்காவலுக்குச் செலவிடும் பணம் இப்பிள்ளைகள் நடக்கும் தெருவைக் காக்காது.

வாயிற்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வியே. அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்ததை நினைவுகூர்வோம். சத்துணவுச் சமையலராகத் தலித் பெண் ஒருவர் வந்ததும், ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டு, அவர் சமைக்கக் கூடாது என்று தடுத்தனர். நிர்வாகம் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டம் எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கில் ஏழாண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், ஆறு பேருக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே எவர் கையிலும் அரிவாள் இல்லை. எந்த உலோகச் சோதனைக் கருவியும் அவர்களைத் தடுத்திருக்காது. அவர்கள் வெளியாட்களும் அல்லர். பெற்றோர் என்ற உரிமையோடு வந்தவர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பணத்தில் அமர்த்தப்படும் காவலாளி, அக்கழகத்தை ஆளும் சாதியை எதிர்த்துக் கதவை அடைப்பாரா?

புகாருக்கும் வெட்டுக்கும் இடையே

இவ்விரு தரப்பு வாதங்களும் காணத் தவறும் ஓர் இடைவெளி உண்டு. 2023 ஆகஸ்டில், வள்ளியூரில் 12ஆம் வகுப்பு படித்துவந்த நாங்குநேரி மாணவர், தம்மைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் எழுத்துமூலம் தெரிவித்தார். அதையடுத்து ஆகஸ்டு 9 இரவு, அந்த மாணவர்கள் அரிவாளுடன் அவர் வீட்டுக்குள் புகுந்து அவரை வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதைக் கண்ட அதிர்ச்சியில் உறவினரான முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

இங்கே ஆபத்து மறைந்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவரே அதை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்ததே அவர்மீதான தாக்குதலுக்குக் காரணமாயிற்று. உடுமலையிலும் அப்படியே. கொலைக்கு எட்டு மாதங்கள் முன்பு, திருமணமானவுடனேயே, பாதுகாப்புக் கேட்டு அத்தம்பதியர் காவல்துறையை அணுகியிருந்தனர். சாதிக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளிலும் இதே நிலைதான். 2024 ஜனவரியில் காமநாயக்கன்பாளையத்தில் வெட்டப்பட்ட தொலைக்காட்சிச் செய்தியாளர், தம்மைப் பின்தொடர்கிறார்கள் என்று தாக்குதலுக்கு முன்பே காவல்துறையைத் தொலைபேசியில் பலமுறை அழைத்திருந்தார்.

அமெரிக்க அனுபவமும் இதையே சொல்கிறது. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகனின் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற மாணவரைப் பற்றி, அன்று காலையிலேயே பள்ளிக்கு எச்சரிக்கை கிடைத்திருந்தது. அவர் துப்பாக்கியை வரைந்திருந்ததை ஆசிரியர் கண்டார், பெற்றோர் வரவழைக்கப்பட்டனர், அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை, பையும் சோதிக்கப்படவில்லை. அந்நாட்டின் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பு, 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையும், தாக்கியவர்கள் அனைவரிடமும் கவலைக்குரிய நடத்தை முன்கூட்டியே வெளிப்பட்டிருந்தது என்று கண்டறிந்தது.

ஆனால், இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அமெரிக்கப் பள்ளிக் கொலையாளி பெரும்பாலும் தனித்துவிடப்பட்ட ஒருவன். அவனைச் சமூகம் கைவிடுகிறது. அவன் மனத்தில் இருப்பதை அறிய உளவியலாளர் தேவைப்படுகிறார். நம் ஊரில் அரிவாளை ஓங்கும் மாணவன் தனியன் அல்லன். அவன் கையில் சாதிக் கயிறு கட்டியிருக்கிறது; அவனுக்கு ஊர் துணை நிற்கிறது; பிணைக்கு வழக்குரைஞரும் சமரசம் பேசப் பெரிய மனிதர்களும் காத்திருக்கிறார்கள். அவன் ஒழுங்கை மீறுவதாக எண்ணவில்லை, ஒழுங்கை நிலைநாட்டுவதாக எண்ணுகிறான். ஆகவே, நமக்குத் தேவைப்படுவது ஆபத்தை ஊகிக்கும் கலை அன்று. புகாரைச் சொன்ன பிள்ளையை நம்பி, அன்றே செயல்படும் ஏற்பாடு.

சாதி அடையாளங்களைப் பள்ளியிலிருந்து விலக்கும் எளிய முயற்சிக்கே அரசுகள் எவ்வளவு தயங்கின என்பதற்கு 2019ஆம் ஆண்டு ஒரு பாடம். வண்ணக் கயிறுகளைத் தடுக்கப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு எழுந்ததும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் பின்வாங்கினார். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் அதே கயிற்றை முன்னிட்டு எழுந்த மோதலில் 12ஆம் வகுப்பு மாணவர் உயிரிழந்தார்.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

இந்த இடைவெளியை நிரப்பப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பெரும்பாலும் குற்றம் நிகழ்ந்த பின் பயன்படும் தண்டனைச் சட்டமாகவே பார்க்கப்படுகிறது. அதன் தடுப்புப் பகுதி ஏட்டிலேயே உறங்குகிறது. சட்டத்தின் 17ஆம் பிரிவு, வன்கொடுமை நிகழக்கூடும் என்று கருதப்படும் பகுதியை அவ்வாறு அறிவித்து முன்தடுப்பு நடவடிக்கை எடுக்க மாவட்ட ஆட்சியருக்கும், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் அதிகாரம் அளிக்கிறது.

1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி இன்னும் தெளிவானது. ஆயுதக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவோர் அதை அவசியம் படிக்க வேண்டும். அடையாளம் காணப்பட்ட பகுதியில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து, அவ்வாயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றலாம். சிறப்புக் காவல் படையை நிறுத்தலாம். நாட்டின் சட்டங்களில் ஆயுதத்தையும் சாதி அதிகாரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த விதி இது. தேவை எனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்றும் அதே விதி கூறுகிறது. தாக்கப்படும் மக்களின் தற்காப்பு உரிமையை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அதை நாம் மதிக்கிறோம். ஆனால், ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள் என்னும் அமெரிக்க வாதத்தைப் போல, பிள்ளைகளின் பாதுகாப்பை அவ்வழியில் தேட நாம் விரும்பவில்லை. ஆயுதப் போட்டியில் எண்ணிக்கையும் பணமும் குறைந்த தரப்பு ஒருபோதும் வென்றதில்லை.

பள்ளிகளில் வழமையாக நடக்கும் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது மாணவர் தகராறு என்று பதிவாகிறது. இரு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அவ்வாறு இழிவுபடுத்துவது மேற்சொன்ன சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் குற்றம். அக்குற்றத்துக்கு ஆளான பிள்ளை, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள 15அ பிரிவின்படி, மிரட்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் பாதுகாப்புப் பெறும் உரிமையுடையவர். இச்சட்டம் விதிக்கும் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதியினரல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

தாக்குபவரும் சிறுவராக இருக்கும்போது நாம் கவனமாகப் பேச வேண்டும். அவர் இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே நடத்தப்பட வேண்டும். பழிவாங்கும் கூச்சலில் நமக்குப் பங்கு வேண்டாம். ஆனால், சிறுவர் கையில் அரிவாளைக் கொடுக்கும் பெரியவர்கள் தப்பக் கூடாது. அச்சட்டத்தின் 83ஆம் பிரிவு, சிறுவர்களைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. ஆக்ஸ்போர்டு வழக்கில் மகனுக்குத் துப்பாக்கி கிடைக்கச் செய்த பெற்றோர் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு, 2024இல் பத்தாண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றனர். நம் விசாரணைகளோ அரிவாளைப் பிடித்த சிறுவனோடு நின்றுவிடக் கூடாது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கையை அளித்தது. வண்ணக் கயிறு முதலிய அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரை அப்பகுதியின் கல்வி அலுவலராக அமர்த்தாமை, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர், மாணவர் சமூகநீதிப் படை, தனிச் சட்டம் என அதன் பரிந்துரைகள் விரிந்தவை. காவலாளியையும் கேமராவையும் அல்லாமல், பள்ளிக்குள் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அது தொட்டது. அதனாலேயே அது முழுமையாக நடைமுறைக்கு வருவது அவசியமாகிறது.

திருப்பூரில் செய்ய வேண்டியவை

இங்கே ஒரு தடை தனித்தன்மை வாய்ந்தது. புகார் அளிக்க நேரம் வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் தாய், பள்ளி நேரத்தில் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் சொந்தம் இல்லை; லைன் வீட்டு உரிமையாளரைப் பகைத்துக்கொண்டால் அன்றிரவே பெட்டி படுக்கையுடன் தெருவில் நிற்க நேரும். இதனாலேயே பிள்ளைகள் சொல்வதில்லை, சொன்னாலும் பெற்றோர் பொறுத்துப்போகச் சொல்கிறார்கள். புகார் வராததைச் சாதிப் பாகுபாடு இல்லை என்பதற்குச் சான்றாக அலுவலர்கள் காட்டிவிடுகிறார்கள்.

ஆகவே, மாவட்ட நிர்வாகத்திடம் நாம் முன்வைப்பவை இவை. சாதி இழிவு குறித்துப் பள்ளியில் வரும் ஒவ்வொரு புகாரும், வாய்மொழியாக வந்தாலும், அன்றே எழுத்தில் பதிவாகி, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் துணைக் கண்காணிப்பாளருக்கும் சென்றுசேர வேண்டும். புகாரளித்த பிள்ளையின் பெயர் எதிர்த்தரப்புக்குக் கசியாமல் காக்கப்பட வேண்டும். அப்பிள்ளையின் வீடும் பேருந்து வழியும் அடுத்து வரும் நாள்களில் காவல் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிலாளர் பெற்றோரிடம் புகார் பெறும் ஏற்பாடு வேண்டும். 17ஆம் விதியின்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு, பள்ளிப் புகார்களைத் தனிப் பொருளாக எடுத்து ஆராய வேண்டும். மோதல் முற்றிய பகுதிகளை 17ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கத் தயங்கக் கூடாது.

இவற்றுள் எதற்கும் உலோகச் சோதனைக் கருவி வாங்கும் அளவுக்குச் செலவாகாது. பட்டறைப் பதிவேடும் இருக்கட்டும், பேருந்து நிலையக் கேமராவும் இருக்கட்டும். ஆனால், அடுத்த மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் நாம் கேட்கவிருக்கும் முதற்கேள்வி, எத்தனை பள்ளிகளில் கேமரா பொருத்தினீர்கள் என்பதாக இராது. கடந்த மூன்று மாதங்களில் சாதி இழிவு பற்றி எத்தனை பிள்ளைகள் பள்ளியில் சொன்னார்கள், அன்று மாலை அவர்கள் வீடு திரும்பும் வழியில் யார் நின்றார்கள் என்பதே அது. அக்குழுவின் உறுப்பினர்களும், இக்கட்டுரையைப் படிக்கும் திருப்பூர்ப் பெற்றோரும் அதே கேள்வியைத் தத்தம் பள்ளியில் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.